காற்றை அளக்கும் சிறு பெட்டிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டிலும் பள்ளியிலும் மாட்டிவைக்கும் காற்றுத்தரப் பெட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்தவை. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்ததால் சில கடிதங்களைச் சேர்த்துப் பதில் தருகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: புதுச்சேரியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில், தூசி படிந்த வடிதாள்களை எடைபோடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவள் நான். காற்றின் அழுக்கை எண்ணாகப் படிப்பதற்கு முன்பே நிறமாகப் பார்த்துப் பழகியவள். போகிக்கு மறுநாள் வரும் தாள் கரியாக இருக்கும். செங்கல் சூளைப் பக்கத்திலிருந்து வரும் தாளில் செம்மண் சாயல் தெரியும். மழை விட்ட மறுநாள் தாளைப் புதிதென்றே நினைக்கத் தோன்றும்.

எங்கள் பள்ளியில் நன்கொடையாளர் ஒருவர் காற்றுத்தரப் பெட்டி மாட்டிக் கொடுத்தார். மார்கழியில் காலை வழிபாட்டு நேரத்தில் அது 165, 170 என்று காட்டுகிறது. அதே நேரத்தில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலி கடலூருக்கு 75 என்கிறது. பெற்றோர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். எதை நம்புவது?
*— ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்*

பெற்றோரிடம் காட்டுவதற்கு முன், இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் வந்தவைதானா என்று பாருங்கள் டீச்சர். உங்கள் பெட்டி காட்டுவது அநேகமாக அமெரிக்கக் காற்றுத்தரக் குறியீடு. சமீர் காட்டுவது 2015-இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் குறியீடு. ஒரு கன மீட்டர் காற்றில் 45 மைக்ரோகிராம் நுண்துகள், அதாவது 2.5 மைக்ரானுக்கு மிகாத பி.எம். 2.5, இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் அட்டவணை அதை 75 என்று கணக்கிட்டுத் ‘திருப்திகரம்’ என்ற பிரிவில் சேர்க்கும். அமெரிக்க அட்டவணை அதையே 124 என்று கணக்கிட்டு, குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஆகாது என்று ஆரஞ்சு நிறம் பூசும். இருப்பது அதே காற்றுதான். ஆகவே பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், குறியீட்டுக்குப் பதிலாக மைக்ரோகிராம் கணக்கைக் காட்டும்படி மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு எண்களை ஒப்பிடுவதில் பயனே இல்லை. நம் அட்டவணை மிகத் தாராளமானது என்பது என் கருத்து. ஒரு நாள் சராசரிக்கு நம் நாடு வைத்திருக்கும் வரம்பு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15.

நேரமும் வேறு. பெட்டி இந்த நிமிடத்தைக் காட்டுகிறது. சமீரின் குறியீடு 24 மணி நேரச் சராசரியிலிருந்து வருவது. பள்ளிக்கு வெளியே யாரோ சருகைக் கொளுத்தினால் பெட்டி துள்ளும், சமீர் அசையாது. அரசு நிலையம் உங்கள் பள்ளி வாசலில் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி, நம் கடற்கரைக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். அது ஈரமும் உப்பும். இந்தப் பெட்டிகளுக்குள் இருப்பவை ஒரு சின்ன விசிறி, ஒரு லேசர், ஓர் ஒளி உணரி. ஓட்டு இடுக்கின் வழியே விழும் வெயில் கீற்றில் தூசி மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மினுக்கத்தைத்தான் பெட்டி எண்ணுகிறது. எடையை அது அறியாது. இவ்வளவு ஒளி சிதறினால் துகள் இவ்வளவு பெரியது, அதன் அடர்த்தி இவ்வளவு, எனவே எடை இவ்வளவு என்று தயாரிப்பாளர் எழுதிவைத்த கணக்கைப் போட்டு ஓர் எண்ணைத் தருகிறது. அந்தக் கணக்கு வேறோர் ஊரின் காற்றை வைத்துப் போட்டது. தேவனாம்பட்டினத்துக் கடற்காற்றை அது கண்டதில்லை.

கடற்காற்றில் உப்புத் துகள் கலந்தே வரும். ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டினால் அந்த உப்பு காற்றிலிருக்கும் நீரை உறிஞ்சிச் சிறு துளியாகிவிடும். 80 விழுக்காட்டில் அதன் விட்டம், உலர்ந்திருந்தபோது இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உப்பின் எடை கூடவில்லை. சிதறும் ஒளியோ பல மடங்கு கூடிவிட்டது. அனல்மின் நிலையப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு காற்றில் மாறி உண்டாகும் சல்பேட் துகளும் இப்படியே நீரைக் குடித்துப் பருக்கும். அதற்கு மேல் பனிமூட்டமும் இறங்கினால், பனித்துளியையே தூசி என்று பெட்டி எண்ணிவிடும்.

அரசு நிலையங்களில் பரவலாக இருக்கும் கருவி, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தை விரட்டிவிட்டு, துகளை ஒரு நாடாவில் படியவைக்கிறது. அந்தப் படிவு பீட்டா கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து எடையைக் கணிக்கிறது. எங்கள் கூடத்தில் செய்தது இன்னும் பழைய, இன்னும் நேரடியான வழி. ஒரு நாள் முழுவதும் 24 கன மீட்டர் காற்றை உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டத் தாள் வழியே இழுப்போம். எடைபோடுவதற்கு முன்பும் பின்பும் அந்தத் தாளை ஒரு நாள் ஒரே வெப்பத்திலும் ஒரே ஈரப்பதத்திலும் வைத்திருப்போம். காற்றில் 40 மைக்ரோகிராம் இருந்தால் தாளில் சேர்வது ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது. எடையறைக் கதவு சரியாகச் சாத்தப்படாவிட்டால், உள்ளே நுழைந்த ஈரமே அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். அந்த ஒரு மில்லிகிராமுக்காகப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால்தான், ஈரத்தைப் பற்றிக் கவலையே படாத ஒரு பெட்டி மார்கழி விடியலில் காட்டும் எண்ணை எடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

அதற்காக 170 முழுவதும் பனி என்று சொல்லிப் பெற்றோரை அனுப்பிவிடவும் கூடாது. மார்கழிக் காலையில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலே எழாமல் நிற்கும். குப்பைப் புகையும் விறகுப் புகையும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு பலகையில் பெட்டியின் எண்ணோடு ஈரப்பதத்தையும் எழுதச் சொல்லுங்கள், மாணவர்களே செய்வார்கள். இரண்டு நாள் காலையில் ஈரப்பதம் ஒன்றாக இருந்து, ஒரு நாள் 90, மறுநாள் 165 என்று காட்டினால், கூடியிருப்பது பெரும்பாலும் புகையாகவே இருக்கும். அன்று வழிபாட்டை வகுப்பறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறி ஈரம் 70-க்குக் கீழ் இறங்கிய பிறகு காட்டும் எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

ஒரே கம்பெனி, ஒரே மாடல் பெட்டிகள் இரண்டு வாங்கினேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று 22, மற்றொன்று 31 காட்டுகிறது. ஒன்று பழுதா? திருப்பித் தரலாமா?
*— கடைக்காரர், முத்தியால்பேட்டை*

வேண்டாம் ஐயா. இந்தப் பெட்டிகளில் பரவலாக இருக்கும் பிளான்டவர் பி.எம்.எஸ்.5003 சென்சாரின் குறிப்பேட்டிலேயே, 100 மைக்ரோகிராம் வரை 10 மைக்ரோகிராம் கூடவோ குறையவோ காட்டலாம் என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கிறார். அதுவும் ஒரு சென்சாருக்கும் அதன் உடன்பிறப்புக்கும் உள்ள வேறுபாடுதான். உண்மையான எடையிலிருந்து எவ்வளவு விலகும் என்பது தனிக் கணக்கு. உங்கள் இரண்டு பெட்டிகளும் சொன்ன பேச்சுக்குள்தான் நிற்கின்றன. 22-ம் 31-ம் ஒரே சேதி என்று கொள்ளுங்கள். 22-ம் 90-ம் என்றால் அப்போது கடைக்குப் போங்கள்.

பெட்டியே வாங்கவில்லை. ஆனால் கைபேசியில் ஒரு செயலி எங்கள் தெருவின் காற்றுத்தரத்தைக் காட்டுகிறதே, எப்படி?
*— வில்லியனூர் வாசகர்*

உங்கள் தெருவை யாரும் அளக்கவில்லை. செயற்கைக்கோள் படம், வானிலைக் கணிப்பு, எங்கோ உள்ள நிலையங்களின் எண் எல்லாவற்றையும் சேர்த்துக் கணினி போட்ட மதிப்பீடு அது. வட மாநிலங்களில் பெரிய புகைமூட்டம் பரவுவதைப் பார்க்க உதவும். உங்கள் தெருமுனையில் குப்பை எரிவதை அது அறியாது.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. இரவு பத்து, பதினோரு மணிக்குமேல் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் வருகிறது. கண் எரிகிறது, பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள். மகன் வாங்கிவைத்த பெட்டி அந்த நேரத்திலும் பச்சையாகவே இருக்கிறது. விசாரிக்க வந்தவரிடம் சொன்னால், ‘உங்கள் பெட்டியே காற்று நன்றாக இருக்கிறது என்கிறதே’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்.
*— ஒரு தாய், குடிகாடு அருகில்*

இந்தக் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வந்தது அம்மா. அந்தப் பெட்டி துகளை மட்டும் எண்ணும். வாயுவை எண்ணாது. வாயுவில் லேசர் ஒளியைச் சிதறடிக்கும் துகள் எதுவும் இல்லை. ஆகவே வீட்டுக்குள் நிற்கவே முடியாத அளவுக்கு வாயு நிறைந்தாலும் அது பச்சையாகவே இருக்கும். அடுத்த முறை வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்தப் பெட்டி எந்த வாயுவை அளக்கிறது?’ பதில் வராது.

அரசின் காற்றுத்தரக் குறியீடே எட்டுப் பொருள்களை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறது: பி.எம். 10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்), பி.எம். 2.5, நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு அதில் இல்லை. முட்டைக்கோஸ் நாற்றத்துக்குப் பேர்போன மெர்காப்டன் வகை வாயுக்களும் இல்லை. ஆகவே அரசுக் குறியீடு பச்சையாக இருந்தாலும் உங்கள் புகாருக்கு அது பதிலாகாது.

வாயுவை அளக்கும் மலிவான சென்சார்களும் கிடைக்கின்றன. வேதிக்கலம் வைத்த சென்சார் ஒரு குறிப்பிட்ட வாயுவுக்கென்று செய்யப்படுவது. ஆனால் பக்கத்து வாயுவையும் அதுவென்றே நினைத்துக்கொள்ளும். நைட்ரஜன் டை ஆக்சைடுக்கான கலம் ஓசோனுக்கும் எண்ணைக் கூட்டும். வெப்பத்திலும் ஈரத்திலும் அளவு நழுவிக்கொண்டே போகும். இரண்டு ஆண்டுகளில் கலம் தீர்ந்துபோவதும் உண்டு. இன்னொரு வகை, சூடான உலோக ஆக்சைடு சென்சார். அது பூச்சிமருந்துக்கும் ஏறும், கற்பூரத்துக்கும் ஏறும், சமையலில் தாளித்தாலும் ஏறும். ‘ஏதோ கூடியிருக்கிறது’ என்று சொல்ல முடியுமே தவிர, எது என்று பெயர் சொல்லாது. நம் மூக்கோ ஹைட்ரஜன் சல்பைடு நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். நீங்கள் வாங்கக்கூடிய எந்த மலிவுப் பெட்டியையும்விட இந்த விஷயத்தில் உங்கள் மூக்கு கூர்மையானது. ஆனால் ஓர் எச்சரிக்கை. ஹைட்ரஜன் சல்பைடு மிக அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். கடும் நாற்றம் திடீரென்று நின்றுவிட்டால், ஆபத்து போய்விட்டது என்று உள்ளே படுத்துவிடாதீர்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே விலகிப் போய்விடுங்கள்.

உங்கள் பகுதிக்கு இதில் ஒரு வரலாறே இருக்கிறது. 2004-இல் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராம மக்கள், சிப்காட் பகுதிச் சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று குழுவாகச் சேர்ந்து, ஒரு பிளாஸ்டிக் வாளியைக்கொண்டு காற்று மாதிரி எடுத்தார்கள். மூடி இறுக்கிய வாளிக்குள் வேதிப்பொருள் ஒட்டாத பை ஒன்று இருக்கும். வாளிக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுத்தால், வெளிக்காற்று தானாகப் பைக்குள் நிறையும். நாற்றம் வீசும் அந்த நிமிடத்திலேயே மாதிரி பிடிபட்டுவிடும். பிறகு அந்தப் பையை ஆய்வகத்துக்கு அனுப்பி, உள்ளே இருக்கும் வாயுக்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பெயரோடு கண்டறிவார்கள். 1995-இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகே வாழ்ந்த மக்களுக்காக உருவான முறை இது. மலிவானது வாளி, துல்லியம் ஆய்வகத்தில் இருந்தது. இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடிக்கும். மலிவான கருவி சரியான நேரத்தில் சரியான இடத்தில் நிற்க வேண்டும். அளப்பதை அதற்கென்று அமைந்த கருவி செய்ய வேண்டும்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒரு நோட்டுப் புத்தகம். நாள், மணி, நாற்றத்தின் வகை, எவ்வளவு நேரம் இருந்தது, யாருக்கு என்ன உபாதை, காற்றின் திசை. மொட்டைமாடிக் கம்பில் ஒரு துணி நாடாவைக் கட்டிவிட்டால் திசை தெரியும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பெயரிலேயே எழுதுங்கள். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று பிறகு மாற்றிக்கொள்ளலாம். பகலில் கடலிலிருந்து கரைக்கும் இரவில் கரையிலிருந்து கடலுக்கும் காற்று திரும்பும் ஊர் நம்முடையது. இரவில் தரைக்காற்று அசைவற்று நிற்கும்போது, வெளியேறும் வாயு மேலே கலையாமல் தாழவே தங்கும். இரவில் மட்டும் நாற்றம் வருகிறது என்று நீங்கள் சொல்வதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. மூன்று நான்கு வீட்டார் தனித்தனியாக எழுதிய நோட்டுகளில் ஒரே மணி, ஒரே திசை வருமானால், எந்தத் திசையில், எந்த நேரத்தில் மாதிரி எடுக்க வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நீங்களே சொல்லலாம். பெட்டியைச் சமையலறைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அங்கே வேலை உண்டு. அடுத்த கடிதத்துக்கான பதிலில் சொல்கிறேன்.

ஆஸ்துமா உள்ள மகளுக்காகப் பெட்டி வாங்கினேன். கணவர் காசு வீண் என்கிறார். எங்கே வைக்க வேண்டும்? அதில் கார்பன் டை ஆக்சைடு என்றும் ஓர் எண் வருகிறது.
*— லாஸ்பேட்டை வாசகி*

வீண் இல்லை. இந்தப் பெட்டிகள் தம் வேலையை நன்றாகச் செய்யும் இடம் வீட்டின் உட்புறம்தான். ஏனென்றால் வீட்டுக்குள் எண் 20-லிருந்து 300-க்குத் தாவும். அத்தனை பெரிய தாவலில் பத்து மைக்ரோகிராம் பிழை ஒரு பொருட்டல்ல. மகள் தூங்கும் அறையில், அவள் தலை இருக்கும் உயரத்தில், ஜன்னலுக்கும் மின்விசிறிக்கும் நேர் எதிரே இல்லாமல் வையுங்கள். கொசுவர்த்தி ஏற்றும் முன்னும் ஏற்றி அரை மணி கழித்தும் எண்ணைப் பாருங்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து தீரும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலைக்கு மாறுங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை, மகள் வெளியே இருக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள். மீன் வறுக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தினால் படுக்கையறை எண் எவ்வளவு குறைகிறது என்று கணவருக்குக் காட்டுங்கள்.

அந்தக் கார்பன் டை ஆக்சைடு எண்ணை மட்டும் விட்டுவிடுங்கள். விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் அது அளந்த எண்ணே அல்ல; நான் முன்பு சொன்ன உலோக ஆக்சைடு சென்சாரின் ஏற்ற இறக்கத்தை வைத்து ஊகித்த எண். நிஜமாக அளக்க அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தும் சென்சார் வேண்டும். பெட்டியின் விவரத்தாளில் அது குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று சொல்லாமல் விடக்கூடாது: பெட்டி பச்சையாக இருக்கும்போது மகளுக்கு மூச்சு இழுத்தால், பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருந்தைக் கொடுங்கள்.

சாம்பல் லாரிகள் போகும் சாலையில் வீடு. திண்ணையைக் காலையில் துடைத்தால் மாலையில் மறுபடி சாம்பல். ஆனால் பெட்டியில் பி.எம். 10, பி.எம். 2.5-ஐவிட ஐந்தாறுதான் கூடுதல். இது சரியா?
*— நெய்வேலி அருகிலிருந்து ஒரு வாசகர்*

சரியில்லை. உங்கள் திண்ணை சொல்வதுதான் உண்மை. இந்த மலிவுச் சென்சார்களின் சிறு விசிறிக்குக் கனமான துகளை இழுக்கும் வலு கிடையாது. இழுத்தாலும் அது வளைவில் சுவரில் மோதி நின்றுவிடும். பெட்டி நுண்துகளை எண்ணி, அதோடு ஒரு விகிதத்தைச் சேர்த்துப் பி.எம். 10 என்று காட்டுகிறது. நீங்கள் பார்த்த ஐந்தாறு கூடுதல் அந்த விகிதம்தான். சாலைத் தூசி, சாம்பல், மண் இவற்றுக்கு இந்தப் பெட்டி குருடு. டீசல் வண்டியின் புதுப்புகையில் இருக்கும் மிகமிக நுண்ணிய துகளும், 0.3 மைக்ரானுக்குக் கீழே இருப்பதால், இதன் கண்ணுக்குத் தப்பிவிடும்.

பி.எம். 10 வேண்டுமென்றால் வடிதாள் வைத்து எடைபோட்டாக வேண்டும். வாரியத்துக்கு மனு எழுதும்போது, ‘24 மணி நேர எடை முறையில் பி.எம். 10 அளக்க வேண்டும்’ என்று அந்தச் சொற்களிலேயே கேளுங்கள். ஒரு நாளுக்கான வரம்பு 100 மைக்ரோகிராம். செலவில்லாத பழைய வழி ஒன்றும் இருக்கிறது: வாய் அகன்ற சாடி ஒன்றை மாடியில் ஒரு மாதம் திறந்துவைத்து, விழுந்த தூசியை ஆய்வகத்தில் எடைபோடச் சொல்வது. சுவாசத்துக்குள் போகும் அளவை அது சொல்லாது. ஆனால் லாரிக்குத் தார்ப்பாய் போட்ட மாதத்துக்கும் போடாத மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கிராமில் காட்டிவிடும்.

நாங்கள் பாலிடெக்னிக் மாணவர்கள். முந்திரிக் கொட்டை வறுக்கும் கொட்டகைகளைச் சுற்றிப் புகையை அளக்க, எஸ்.டி.எஸ்.011 சென்சார் வைத்துப் பெட்டி செய்யப்போகிறோம். எங்கள் எண்ணை யாராவது ஏற்றுக்கொள்வார்களா?
*— பண்ருட்டி*

உங்கள் கடிதம்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது தம்பி. புகை நல்ல தேர்வு. புகைத்துகள் ஒளியை நன்றாகச் சிதறடிக்கும் அளவில் இருப்பதால் பெட்டி அதைத் தவறவிடாது. சில நேரம் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். ஆனால் முந்திரி ஓட்டு எண்ணெயின் புகையில் கண்ணைக் கரிக்கும் ஆவியும் உண்டு. அது உங்கள் கணக்கில் வராது என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

சென்சாரின் குறிப்பேட்டைப் படியுங்கள். ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். நம் மாவட்டத்தில் பல காலைகள் அந்த வரம்பைத் தாண்டியவை. ஆகவே பெட்டிக்குள் ஈரப்பத சென்சார் ஒன்றையும் சேர்த்து, 70-க்கு மேற்பட்ட பதிவுகளைத் தனி நிறத்தில் குறியுங்கள், அழித்துவிட வேண்டாம். லேசரின் ஆயுள் 8,000 மணி நேரம் என்றும் போட்டிருக்கும். இடைவிடாமல் ஓட்டினால் ஓராண்டுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுப்பி, அரை நிமிடம் ஓடவிட்டு, பதிவு செய்து, தூங்கவிடுங்கள். காற்று நுழையும் வாயில் பூச்சிவலை போடுங்கள். சிலந்தி உள்ளே கூடு கட்டினால் ஒரு நூலிழையே எண்ணை ஏற்றிவிடும்.

ஒரு பெட்டி போதாது. குறைந்தது இரண்டு செய்யுங்கள். கொட்டகைக்குக் கொண்டுபோவதற்கு முன், இரண்டையும் அரசுக் கண்காணிப்பு நிலையம் ஒன்றின் அருகே அனுமதி பெற்றுச் சில வாரங்கள் வையுங்கள். புதுச்சேரி ஜவஹர் நகரில் ஒன்று இருக்கிறது, கடலூரிலும் இருக்கிறது. நிலையத்தின் மணிவாரிப் பதிவை வாரியத்தின் இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம். நிலையத்தின் எண்ணைக் குறுக்கே, உங்கள் எண்ணை நெடுக்கே வைத்துப் புள்ளி போட்டால், உங்கள் பெட்டி எத்தனை மடங்கு கூட்டிக் காட்டுகிறது என்று கோடு சொல்லிவிடும். மழைக்காலத்தில் ஒரு முறை, வெயில் காலத்தில் ஒரு முறை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பர்ப்பிள்ஏர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பெட்டிகளுக்காக ஒரு திருத்தச் சூத்திரம் வெளியிட்டது: பெட்டியின் எண்ணை 0.524-ஆல் பெருக்கி, ஈரப்பதத்தை 0.0862-ஆல் பெருக்கி அதிலிருந்து கழித்து, 5.75-ஐக் கூட்ட வேண்டும். இணையத்தில் பார்த்து அதை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அது வேறு சென்சாருக்கு, அந்த நாட்டுக் காற்றில் பிறந்தது. பார்க்க வேண்டியது அந்த முறையை: பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள், ஈரத்தைக் கணக்கில் சேர்த்தார்கள், பிறகே திருத்தினார்கள். உங்கள் சூத்திரத்தைப் பண்ருட்டிக் காற்றில் நீங்களே கண்டுபிடியுங்கள்.

கொட்டகையில் ஒரு பெட்டியைக் காற்று வரும் பக்கமும் மற்றொன்றைக் காற்று போகும் பக்கமும், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கட்டுங்கள். பாதி நாள்கள் கழிந்ததும் இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஒரு பெட்டிக்கு இயல்பாகவே கூட்டிக் காட்டும் குணம் இருந்தால், இந்த மாற்றத்தில் அது தெரிந்துவிடும். அறிக்கையில் ‘பி.எம். 2.5 இவ்வளவு’ என்று மட்டும் எழுதினால் யாரும் மறுக்கலாம். ‘காற்று வரும் பக்கத்தைவிடப் போகும் பக்கத்தில் இத்தனை மடங்கு, வறுப்பு இல்லாத நாள்களில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்று, ஈரப்பதம் இவ்வளவு’ என்று எழுதினால் மறுப்பது கடினம். வறுக்கும் தொழிலாளர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். புகை நடுவே நாள் முழுவதும் நிற்பவர்கள் அவர்கள், கொட்டகையை மூடவைக்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று அவர்கள் நினைக்கக்கூடாது. வறுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டிகளை ஓடவிட்டால், ஒப்பிடுவதற்கான அடிப்படை கைவசம் இருக்கும்.